பிரிட்டனின் ‘வார் ரெக்வியம்’ முதல் பகுதி: டெம்போ, கீ, மூட் என்ன? கொயருக்கு எங்கே சிக்கும்?

கேள்வி: ஆங்கிலேய இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் ‘வார் ரெக்வியம்’ முதல் பகுதியைக் கொயரில் (சேர்ந்து பாடும் குழுவில்) எடுக்கலாமா என்று பேச்சு நடக்கிறது. மொபைல் ஆப் ஒன்றில் போட்டுப் பார்த்தால் ‘84 பிபிஎம் (நிமிடத்துக்கு 84 துடிப்பு), எஃப் மேஜர், சோகம்’ என்று காட்டுகிறது. கேட்கும்போது எஃப் மேஜர் மாதிரியே இல்லை, 84 வேகமும் இல்லை. உண்மையில் என்ன டெம்போ, என்ன கீ, என்ன மூட்? பயிற்சியில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: மூன்றையும் முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தின் டெம்போ (வேகம்) நிமிடத்துக்கு 42 முதல் 46 க்ராட்செட், அதாவது இங்கே ஒரு துடிப்பு நீளமுள்ள சுரம். நடுவில் இரண்டு இடங்களில் வேகம் முற்றிலும் மாறுகிறது. கீ (பாட்டு எந்தச் சுரத்தை ஆதாரமாகக் கொள்கிறது என்பது) என்று ஒன்றைச் சொல்ல முடியாது. சி, எஃப் ஷார்ப் என்ற இரண்டு சுரங்களும் ஒன்றுக்கொன்று இடம் கொடுக்காமல் நிற்பதுதான் இந்தப் பகுதியின் அடித்தளம். கடைசிச் சில நொடிகளில் மட்டும் அது எஃப் மேஜரில் போய் இறங்குகிறது. மூட் சோகம் அல்ல. இறந்தவர்களுக்கு நித்திய இளைப்பாறுதல் கேட்கும் ஜெபம், அது கிடைக்குமா என்று தெரியாத மனநிலையில் முணுமுணுக்கப்படுகிறது. இந்த நிம்மதியின்மையை உண்டாக்குவதே அந்த இரண்டு சுரங்கள்தான். அதனால் கீயைப் புரிந்துகொண்டால் மூடும் புரிந்துவிடும். பதிலில் பெரும்பகுதி அதற்கே போகும்.

ஆப் ஏன் தப்பாகச் சொல்கிறது என்பதை முதலில் முடித்துவிடலாம். பெரும்பாலான டெம்போ கணிப்பு மென்பொருட்கள் நடனப் பாட்டு, சினிமாப் பாட்டு வேகங்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. 42 போன்ற மெதுவான துடிப்பைக் கண்டால் இரண்டால் பெருக்கி 84 என்று போட்டுவிடும். கீ கணிப்பும் அப்படித்தான். எந்தச் சுரம் எவ்வளவு நேரம் ஒலிக்கிறது என்று எண்ணி, 24 மேஜர், மைனர் அச்சுகளில் எது அதிகம் ஒத்துப்போகிறதோ அதைக் காட்டும். இந்தப் பகுதி அந்த 24 அச்சில் எதற்கும் பொருந்தாது. கடைசியில் வருகிற ஒரே தெளிவான கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) எஃப் மேஜர் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கலாம். மெதுவாகவும் மெல்லிய ஒலியிலும் இருப்பதெல்லாம் இந்த ஆப்களுக்குச் ‘சோகம்’.

இனி இசைக்கு வருவோம். இது பிரிட்டனின் 66ஆம் ஓபஸ் (படைப்பு எண்). 1940 நவம்பர் 14 இரவு குண்டுவீச்சில் இங்கிலாந்தின் கவென்ட்ரி பேராலயம் அழிந்தது. அதன் பக்கத்திலேயே கட்டிய புதிய பேராலயத்தின் பிரதிஷ்டையை ஒட்டி 1962 மே 30 அன்று அங்கேயே இது முதன்முதலாக அரங்கேறியது. இறந்தவர்களுக்கான லத்தீன் ரெக்வியம் பூசையின் வரிகளுக்கு நடுநடுவே, முதல் உலகப் போரில் போர் ஓய்வுக்கு ஒரு வாரம் முன்பு 1918 நவம்பர் 4 அன்று கொல்லப்பட்ட வில்ஃப்ரெட் ஓவனின் ஆங்கிலக் கவிதைகளைப் பிரிட்டன் சேர்த்திருக்கிறார். பாடுபவர்களும் வாசிப்பவர்களும் மூன்று அணி. சோப்ரானோ (உயர்ந்த பெண் குரல்) தனிக்குரல், பெரிய கொயர், முழு ஆர்க்கெஸ்ட்ரா ஓர் அணி. டெனர் (உயர்ந்த ஆண் குரல்), பேரிடோன் (நடுத்தர ஆண் குரல்) தனிக்குரல்களோடு 12 பேர் கொண்ட சேம்பர் ஆர்க்கெஸ்ட்ரா இன்னொன்று. தூரத்தில் சிறிய ஆர்கனோடு சிறுவர் கொயர் மூன்றாவது. முதல் பகுதியில் இந்த மூன்றுமே வந்துவிடும். சோப்ரானோ தனிக்குரலும் பேரிடோனும் மட்டும் அடுத்த பகுதி வரை காத்திருக்க வேண்டும்.

பகுதியின் வடிவம் இப்படி: மெதுவான ‘ரெக்வியம் ஈடெர்னம்’, பிறகு சிறுவர்களின் வேகமான ‘தே தெசெத் ஹிம்னுஸ்’, மறுபடி மெதுவான ‘ரெக்வியம்’, பிறகு டெனர் பாடும் ஓவனின் கவிதை (மிக வேகம், பதற்றம்), முடிவில் மணியை மட்டும் துணையாக வைத்துக் கொயர் பாடும் ‘கீரியே’ (ஆண்டவரே இரங்கும் என்ற ஜெபம்). மொத்தம் சுமார் 10 நிமிடம். இதற்கு ஒரே பிபிஎம் சொல்வதில் பொருளே இல்லை.

இப்போது அந்த இரண்டு சுரங்கள். சி, எஃப் ஷார்ப் இரண்டுக்கும் நடுவே ஆறு செமிடோன் (அரைப் படி), அதாவது ஒரு ஸ்தாயியின் சரிபாதி. மேற்கத்திய இசையில் இதை ட்ரைடோன் என்பார்கள். கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம்: சி ஷட்ஜமம் என்றால் எஃப் ஷார்ப் பிரதி மத்யமம். கட்டைக் கணக்கில் ஒன்று, நாலரை. ஆனால் கல்யாணியிலோ பூர்வி கல்யாணியிலோ பிரதி மத்யமம் கேட்கிற சுகம் இங்கே கிடைக்காது. அங்கே பஞ்சமம் பக்கத்திலேயே இருக்கிறது, ம அதன்மேல் சாய்ந்துகொள்ளும். இங்கே பஞ்சமம் இல்லை. ச மட்டும், ம2 மட்டும். இரண்டில் எது ஆதாரம் என்று காதுக்குத் தெரியாது. ஸ்தாயியைச் சரிபாதியாக வெட்டுவதால், எஃப் ஷார்ப்பை ஷட்ஜமமாக வைத்துக் கேட்டாலும் சி அதற்குப் பிரதி மத்யமமாகவே வரும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே தூரம். கீ இல்லை என்று சொன்னது இந்த அர்த்தத்தில்தான்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது, அது பிரிட்டனின் சாமர்த்தியம். மேற்கத்திய ஹார்மனி பழகிய காதுக்கு இந்த ஜோடி முழுக்க வழியற்றது அல்ல. சியும் எஃப் ஷார்ப்பும் டி செவன்த் கார்டுக்குள் இருப்பவை, அதனால் ஜி மேஜரில் போய் முடியும் என்று காது எதிர்பார்க்கலாம். எஃப் ஷார்ப்பையே ஜி ஃப்ளாட் என்று கேட்டால் அது ஏ ஃப்ளாட் செவன்த் கார்டின் பகுதி, அப்போது டி ஃப்ளாட் மேஜரை எதிர்பார்க்கும். புத்தகப்படி இந்த இரண்டு வாசல்தான் உண்டு. பிரிட்டன் இரண்டையும் திறக்கவில்லை. ‘கீரியே’யின் கடைசியில் சியை அப்படியே பிடித்து வைத்து, எஃப் ஷார்ப்பை மட்டும் அரைப் படி இறக்கி எஃப் ஆக்குகிறார். அந்த எஃப்தான் புதிய ஆதாரம். இதுவரை ஷட்ஜமமாகத் தோன்றிய சி, அந்த நொடியில் பஞ்சமம் ஆகிவிடுகிறது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத வெளிச்சம் மாதிரி அந்த எஃப் மேஜர் கேட்பதற்குக் காரணம் இதுதான். முன்னால் வந்த எதுவும் அதை நோக்கி நம்மை அழைத்துப்போகவில்லை.

இதே முடிவு இரண்டாம் பகுதியான ‘தியெஸ் ஈரே’யின் கடைசியிலும், முழுப் படைப்பின் கடைசியிலும் திரும்ப வரும். எனவே முதல் பகுதியில் அதைப் பெரிய ஆறுதலாகப் பாடிவிட்டால் அடுத்த 75 நிமிடத்துக்கு எதுவும் மிச்சம் இருக்காது. முதல் தடவை அது ஒரு கேள்விக்குறிதான்.

டெம்போவைப் பற்றி. 42க்கும் 46க்கும் இடையே என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். நான்கு க்ராட்செட் நீளம் 42இல் 5.7 நொடி, 46இல் 5.2 நொடி. ஒரு மூச்சில் பாடவேண்டிய வரியில் இந்த அரை நொடி பெரிது. எதிரொலி நீளமான கல் கட்டட ஆலயத்தில் 42 பக்கம் போகலாம், ஒலியை இடமே தாங்கும். கார்பெட், திரை, ஃபால்ஸ் சீலிங் உள்ள வறண்ட அரங்கில் 42 போட்டால் ஒவ்வொரு சுரமும் செத்து விழும், 46 எடுங்கள். 50 தாண்டினால் சவ ஊர்வலம் சாதாரண நடை ஆகிவிடும். மெட்ரோநோமை 42இல் வைத்துப் பழகுவது பலருக்கு முடியாது, இரண்டு துடிப்புக்கு நடுவே அலைந்துவிடுவார்கள். க்வேவரை (அரை க்ராட்செட்) 84 முதல் 92 வரை வைத்துப் பழகி, பிறகு ஒன்றுவிட்டு ஒன்றை எடுத்துவிடுங்கள். ஆப் காட்டிய 84க்கு இந்த ஒரு உபயோகம் உண்டு.

ஆர்க்கெஸ்ட்ரா அடியில் வாசிப்பது நொண்டி நொண்டி நகர்கிற உருவம், ஒரு துடிப்பை ஐந்தாகப் பிரிக்கும் க்விண்டுப்ளெட் அதில் வருகிறது. கொயர் அந்த ஐந்தைக் கேட்டுக்கொண்டே தன் நாலு கணக்கில் நிற்க வேண்டும். கண்ட நடை தெரிந்தவர்கள் இருந்தால் இங்கே பெரிய சௌகரியம். பாதிப் பேர் க்ராட்செட்டுக்கு ஒரு தடவை ‘தகதகிட’ சொல்ல, மீதிப் பேர் அதே துடிப்பில் ‘தகதிமி’ சொல்ல, மாற்றி மாற்றி ஒரு பத்து நிமிடம் செய்தால் போதும். இது தெரியாத கொயர் என்ன செய்கிறது என்றால், ஐந்தின் கடைசி அட்சரத்துக்காகக் காத்திருந்து ஒவ்வொரு பாரிலும் இம்மி இம்மியாகப் பிந்திக்கொண்டே போகும். கண்டக்டர் வேகம் கூட்டுவார், பிறகு ஆர்க்கெஸ்ட்ரா முந்தும்.

அடுத்தது சுருதி, எல்லாக் கொயரும் சறுக்குகிற இடம். ஏன் சறுக்குகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ச-ப சேரும்போது அதிர்வு விகிதம் 3:2, ச-ம1 சேரும்போது 4:3. இரண்டு குரல் சரியாகச் சேர்ந்தால் ஒலியின் நெளிவு நின்று ‘பூட்டு’ விழுவது காதுக்கே தெரியும். ட்ரைடோனில் அப்படிப் பூட்டு விழாது. சம இடைவெளி முறைப்படி விகிதம் 1.414, எந்தச் சிறிய முழு எண்ணுக்கும் அடங்காது. சி 261.6 ஹெர்ட்ஸ் என்றால் எஃப் ஷார்ப் 370, எஃப் 349.2. இரண்டு அணியும் ஒன்றையொன்று கேட்டுச் சரிசெய்துகொள்ள முயன்றால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது. மெதுவாக எஃப் ஷார்ப் பாடுபவர்கள் கீழே வழுக்கி எஃபை நோக்கிப் போவார்கள், ஏனென்றால் அங்கே 4:3 பூட்டு இருக்கிறது. கர்நாடக சங்கீதத்தில் ஊறிய குரல்களுக்கு ஆபத்து எதிர்ப்பக்கம்: பழக்கத்தில் ம2வைப் பஞ்சமத்தை நோக்கி மேலே தள்ளுவார்கள், கொஞ்சம் அசைவும் சேர்ந்துவிடும். இங்கே அசைவு கூடவே கூடாது. நேராக நிற்க வேண்டும்.

பயிற்சியை இப்படித் தொடங்குங்கள். சுருதிப் பெட்டியை ஒரு கட்டையில், பஞ்சமத்தையும் மத்யமத்தையும் அணைத்துவிட்டு, ஷட்ஜமம் மட்டும் ஒலிக்கும்படி வையுங்கள். எல்லாரும் ச ரி2 க3 ம2 என்று ஏறி ம2வில் நில்லுங்கள். மூன்று முழுப் படி, அதுதான் ட்ரைடோன் என்ற கணக்கே. பிறகு ரி, க இரண்டையும் மனதில் மட்டும் பாடிவிட்டு வாயில் ச, ம2 மட்டும். பிறகு மனதில் பாடுவதையும் விட்டுவிட்டு நேராகத் தாவுங்கள். இது நின்றபிறகு சுருதிப் பெட்டியை நாலரைக் கட்டைக்கு மாற்றி, இப்போது எஃப் ஷார்ப்பை ஷட்ஜமமாக வைத்து அதே பயிற்சி, மேலே சி வரும். இரண்டாவது பாதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால் கொயர் முழுக்க சியையே ஆதாரமாக நம்ப ஆரம்பித்துவிடும். எஃப் ஷார்ப் எப்போதும் ‘விருந்தாளிச் சுரமாகவே’ ஒலிக்கும். இரண்டும் சமம் என்ற உணர்வு போய்விட்டால் இந்தப் பகுதியின் மூடே போய்விடும்.

கடைசியாகச் சுருதிப் பெட்டியை அணைத்துவிட்டு, ஓர் அணி சி, மறு அணி எஃப் ஷார்ப், இரண்டும் மிக மெல்லிய ஒலியில் 20 நொடி. ஒருவர் கையில் டியூனர் வைத்துக்கொண்டு இரு அணிகளையும் தனித்தனியே பார்க்கட்டும். பத்து சென்ட்டுக்கு (ஒரு சென்ட் என்பது செமிடோனில் நூறில் ஒரு பங்கு) மேல் நகர்ந்தால் நிறுத்தி மறுபடி. அடுத்த அணியைக் கேட்டுச் சேர்ந்துகொள்ள வேண்டாம், தன் அணியை மட்டும் கேட்டு நிற்கட்டும். கொயரில் வழக்கமாகச் சொல்லிக்கொடுப்பதற்கு நேர்மாறான அறிவுரைதான், ஆனால் இந்த இடத்துக்கு அதுதான் சரி.

ஒரே சுரத்தில் பல அசைகளைப் பாடும்போது, அதுவும் பியானிஸ்ஸிமோவில் (மிக மெல்லிய ஒலியில்), சுருதி இறங்குவது இன்னொரு தொல்லை. மெல்லப் பாடு என்றால் மூச்சின் தாங்கலையும் சேர்த்துக் குறைத்துவிடுவது காரணம். ‘ரெ-க்வி-எம் ஏ-தெர்-நாம்’ ஆறு அசை. ஒவ்வொன்றையும் முந்தையதைவிட இம்மி உயரம் என்று நினைத்துப் பாடச் சொல்லுங்கள், நேராக நிற்கும். ‘எம்’, ‘நாம்’ இரண்டிலும் ‘ம்’ சீக்கிரம் மூடப்படுவது நம் ஊர்க் கொயர்களில் சாதாரணம்; வாய் மூடியதும் சுருதி தொங்கும். உயிரெழுத்தை முழு நீளத்துக்கும் பிடித்து, ‘ம்’மைக் கடைசி நுனியில் வைக்க வேண்டும். லத்தீனின் ‘த’ நம் பல்லின ‘த’தான், இங்கே தமிழ் வாய்க்கு ஒரு சிரமமும் இல்லை. ஆங்கில ‘ட’ வந்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

‘லுக்ஸ் பெர்பெதுவா’ பக்கம் ஒலி ஏறும். ஏறும்போது வேகமும் சேர்ந்து ஏறிவிடாமல் இருக்க, அந்த இடத்தை முதலில் மெல்லிய ஒலியிலேயே சரியான டெம்போவில் பதியவைத்துவிட்டு, ஒலியைப் பிறகு சேருங்கள்.

மணிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சி, எஃப் ஷார்ப் இரண்டையும் கொயருக்கு நினைவூட்டிக்கொண்டே இருப்பவை ட்யூபுலர் பெல்கள் (குழாய் மணிகள்). அதைக் கேட்டுச் சுருதி எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் ஒரு பொறி இருக்கிறது. குழாய் மணியில் நமக்குக் கேட்கிற சுரம் உண்மையில் அந்தக் குழாய் அதிரும் அலைகளில் ஒன்று அல்ல. நான்காம், ஐந்தாம், ஆறாம் அதிர்வுகள் ஏறக்குறைய 2:3:4 விகிதத்தில் இருப்பதால் காது தானாகவே அவற்றுக்கு ஓர் ஆதாரத்தைக் கற்பனை செய்துகொள்கிறது. எந்த ஸ்தாயி என்பதில் ஆளுக்கு ஆள் வேறுபாடு வரும். மணியின் மற்ற அதிர்வுகள் பக்கத்துச் சுரங்களைப் போலக் கேட்கவும் செய்யும். எனவே சுரத்தின் பெயர் மணியிடமிருந்து, ஸ்தாயியும் துல்லியமும் மனதிலிருந்து. மணி அடித்த உடனே பாடாமல், அடியின் உலோகக் கூர்மை அடங்கும் அந்தக் கணம் கழித்துச் சுரத்தைப் பிடித்தால் பிழை குறையும். இன்னொன்று: மணியைச் சுருதி மாற்ற முடியாது. வாடகைக்கு எடுத்த மணி ஏ சுரம் 442 ஹெர்ட்ஸ் என்ற கணக்கில் இருந்து, ஆர்கன் 440இல் இருந்தால், கடைசி ரிகர்சலில்தான் தெரியவரும். மணி வந்த அன்றே டியூனரில் பார்த்துவிடுங்கள். ட்யூபுலர் பெல் கிடைக்கவில்லை என்றால் நல்ல கீபோர்டு சாம்பிளே மேல்.

சிறுவர்களின் ‘தே தெசெத் ஹிம்னுஸ்’ வேறு உலகம். வேகம், தூரம், வெளிச்சமான குரல். ஆனாலும் தப்பிக்க வழியில்லை, அவர்கள் மெட்டும் சியிலிருந்து எஃப் ஷார்ப்புக்கும் எஃப் ஷார்ப்பிலிருந்து சிக்கும்தான் போய்வருகிறது. வயலின்கள் அந்த இரு சுரங்களையும் பிடித்துக்கொண்டிருக்கும். வழியில் பன்னிரண்டு சுரமும் வந்துபோகும், ஆர்கனில் எளிய மூன்று சுரக் கார்டுகள் அதற்குத் துணை. குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்கும்போது முதல், கடைசிச் சுரங்களை முதலில் பதியவைத்துவிட்டு நடுப்பகுதியை நிரப்புங்கள். வரிசையாக இடமிருந்து வலமாகக் கற்பித்தால் வாக்கியத்தின் முடிவு ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் விழும். சிறுவர்கள் 30 மீட்டர் தள்ளி நின்றால் ஒலி வந்துசேர 0.09 நொடி ஆகும். வேகமான இடத்தில் இது காதுக்குத் தெரிகிற தாமதம். அவர்களுக்குத் தனி நடத்துநர் வேண்டும். அவர் ஆர்க்கெஸ்ட்ராவைக் காதால் பின்தொடரக் கூடாது, கண்டக்டரின் கையைக் கேமரா மானிட்டரில் பார்த்து நடத்த வேண்டும். காதால் பின்தொடர்ந்தால் போகவரத் தாமதம் இரட்டிப்பாகும்.

டெனரின் பாட்டு கொயரின் பொறுப்பு அல்ல, ஆனால் மூடைப் புரிந்துகொள்ள அது வேண்டும். மாடுகளைப் போலச் செத்து விழுகிறவர்களுக்கு எந்தச் சாவு மணி அடிக்கும், துப்பாக்கிகளின் வெறிதான் அடிக்கும் என்கிறார் ஓவன். சற்றுமுன் ஆலயத்தில் அடித்த மணிக்கு நேரடியான மறுப்பு இது. அந்த மணியின் இரண்டு சுரமும் இப்போது ஹார்ப்பில் நடுங்கிக்கொண்டிருக்கும், எஃப் ஷார்ப்பின் பெயர் மட்டும் ஜி ஃப்ளாட் என்று மாறியிருக்கும். சிறுவர்களின் கைகளில் மெழுகுவத்தி இருக்காது என்று கவிதை சொல்லும் இடத்தில், சற்று முன் சிறுவர்கள் பாடிய மெட்டு வாத்தியங்களில் வந்துபோகிறது. ஜெபத்தைக் கவிதை கேள்வி கேட்கிறது. அதே சுரங்களை வைத்துக்கொண்டே கேட்கிறது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. சோகம் என்றால் இழப்பை ஒப்புக்கொண்டாயிற்று என்று அர்த்தம். இங்கே யாரும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. எனவே தொடக்கத்தில் கொயர் உருகிப் பாடக் கூடாது. குழைவு, வைப்ராட்டோ, வரி முடிவில் பெருமூச்சு எதுவும் வேண்டாம். சொல்லி மரத்துப்போன ஜெபத்தைச் சொல்கிறவர்களின் தட்டையான குரல் போதும்.

இதை மற்ற ரெக்வியம்களோடு ஒரு தடவை ஒப்பிட்டுப் பார்த்தால், டெம்போ எண் மட்டும் மூடைச் சொல்லாது என்பது தெளிவாகும். ஃபோரேயின் ரெக்வியத்தில் கடைசிப் பகுதி ‘இன் பாரடீஸும்’ க்ராட்செட் 58, டி மேஜர். லிகெட்டி 1966இல் 16 குரல்களுக்கு எழுதிய ‘லுக்ஸ் ஈடெர்னா’ க்ராட்செட் 56. எண்ணில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் ஃபோரேயில் துணை வாத்தியம் ஓயாமல் சிறு சுரங்களாக ஓடிக்கொண்டிருப்பதால் மிதந்து நகர்வது கேட்கும். லிகெட்டியில் ஒவ்வொரு குரலும் துடிப்பை வெவ்வேறு விதமாகப் பிரித்துக்கொள்வதால் துடிப்பே கேட்காது, நேரம் நின்றுவிட்ட மாதிரி இருக்கும். 1947இல் வந்த தூருஃப்லேயின் ரெக்வியம் கடைசியில் எஃப் ஷார்ப் மேல் ஒரு டாமினன்ட் நைன்த் கார்டில் தீராமலே நிற்கும், அதுவும் அமைதியாகவே கேட்கும். பிரிட்டனோ முழுமையான மேஜர் கார்டில் முடித்தும் அமைதி தரவில்லை. கார்டின் பெயர் எதையும் உறுதி செய்வதில்லை, அதற்கு முன்னால் எது வந்தது என்பதுதான் கணக்கு.

‘கீரியே’க்கு வருவோம். மணி மட்டும் துணை. மூன்று சிறு வரிகள்: கீரியே எலேயிசோன், கிறிஸ்தே எலேயிசோன், மறுபடி கீரியே. மூன்றாவதில் மட்டுமே எஃப் மேஜர். இங்கே பெரும்பாலான கொயர் கால் செமிடோனாவது இறங்கியிருக்கும், அடுத்த மணி அடித்ததும் கூட்டத்துக்கே தெரிந்துவிடும். இறங்குவதற்குக் காரணம் பொதுவாக அந்த எஃப் ஷார்ப்-எஃப் படி. அரைப் படி இறங்கு என்றால் எல்லாரும் அரைக்கும் அதிகமாக இறங்குவார்கள். அந்தப் படியை மட்டும் தனியே எடுத்து, சி அணி அசையாமல் பிடிக்க, மற்ற அணி எஃப் ஷார்ப்பிலிருந்து எஃபுக்கு இறங்கும் பயிற்சியை ஓர் இருபது தடவை செய்யுங்கள். எஃப் விழுந்ததும் சியோடு பூட்டு விழ வேண்டும், விழுந்தால் காதே சொல்லும். அதன்மேல் ஏ. மூன்றாம் சுரமான அந்த ஏவைப் பியானோவில் இருப்பதைவிட 14 சென்ட் தாழ்வாகப் பாடினால்தான் கார்டு துல்லியமாக நிற்கும். பியானோவைக் கேட்டே பழகிய சோப்ரானோக்கள் அதை உயரமாகப் பிடிப்பார்கள், கார்டு கொஞ்சம் கூச்சலாக ஒலிக்கும். பயிற்சியில் இந்தப் பக்கத்துக்கு மட்டும் பியானோவை மூடிவிடுங்கள். கடைசிக் கார்டில் கிரெஷெண்டோ (ஒலியைக் கூட்டிக்கொண்டே போவது) வேண்டாம், வேகத்தை இன்னும் இழுக்கவும் வேண்டாம், ஏற்கெனவே மிக மெதுவாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. மூச்சை வரிசைமாற்றி எடுத்துக்கொள்ள ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது நாலு பேர் வேண்டும், அதற்குக் குறைந்தால் இடைவெளி கேட்கும்.

எடுக்கலாமா என்ற கேள்விக்கு: முதல் பகுதிக்கே முழு ஆர்க்கெஸ்ட்ரா, சேம்பர் ஆர்க்கெஸ்ட்ரா, சிறுவர் கொயர், வலுவான டெனர் எல்லாம் வேண்டும். பியானோ சுருக்கத்தில் பாடினால் மணியும் அடியில் நொண்டும் வாத்தியங்களும் போய்விடும், இரண்டு சுரத்தை மட்டும் கேட்டுக்கொண்டு ஜனங்கள் குழம்புவார்கள். பிரிட்டன் 1976இல் காலமானார். இந்தியச் சட்டப்படி காப்புரிமை 2036 முடிவு வரை உண்டு. ஸ்கோரை நகல் எடுத்துக் கொடுக்க முடியாது, பூசி அண்ட் ஹாக்ஸ் பதிப்பகத்திடம் வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ வேண்டும், மேடை அனுமதியும் தனி. நாற்பது பேருக்குக் குறைந்த கொயர் என்றால் இந்த வருடம் ஃபோரேயைப் பாடுங்கள். அவர் 1924இல் மறைந்தவர், காப்புரிமைச் சிக்கல் இல்லை, ஆர்கன் துணையோடும் நிற்கும். கூடவே ரிகர்சல் தொடக்கத்தில் தினமும் ஐந்து நிமிடம் மேலே சொன்ன சி-எஃப் ஷார்ப் பயிற்சியைச் செய்துவந்தால், பிரிட்டனுக்குப் போகும்போது கொயர் தயாராக இருக்கும்.